பொம்மைக் காருக்கு ஊற்றிய தைலம்

எஞ்சின் தெரியும் என்று ஒருவன் சொன்னால், எந்த எஞ்சின் என்று கேட்க வேண்டும். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. எனக்குப் பேச்சு குறைவு. அது நல்ல குணம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். பேசாமல் இருந்துகொண்டே இவ்வளவு கெடுக்க முடியும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

அப்போது நான் குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஜெனரேட்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டுவது என்றால் பெரிய வேலை ஒன்றும் இல்லை. கரண்ட் போனால் போட வேண்டும், வந்தால் நிறுத்த வேண்டும். கிளம்பவில்லை என்றால் ஓர் இடம் பார்த்து உதைக்க வேண்டும். அந்த இடம் எனக்கு மட்டும் தெரியும். அதை வைத்துத்தான் என்னை மெக்கானிக் என்றார்கள். நானும் மறுக்கவில்லை.

பிறகு தேயிலை விலை விழுந்தது. பச்சை இலைக்குக் கிடைக்கிற காசு பறிக்கிற கூலிக்குக் காணவில்லை. செடியிலேயே விட்டுவிட்டார்கள். தோட்டமெல்லாம் ஆள் உயரம் வளர்ந்து காடாக நின்றது. ஃபேக்டரியில் இலை வாட்டுகிற தொட்டிகளில் பூனை குட்டி போட்டது. ஒரு நாள் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, ஃபேக்டரியை மூடுகிறேன், மாசக் கடைசிக்குள் குடியிருக்கிற லைன் வீட்டைக் காலி பண்ணிக்கொடுங்கள் என்றார். அழவில்லை, திட்டவில்லை. அவரும் அதிகம் பேசாத மனிதர்தான்.

வீட்டில் சரசு மாசமாக இருந்தாள். முதல் பிள்ளை. அதனால் நான் தாடி வைத்திருந்தேன். (மனைவி மாசமாக இருக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி படக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். எதற்கு என்று நான் கேட்டதில்லை.) மற்றவர்களுக்குத் தாடி கீழே வளரும். எனக்குப் பக்கவாட்டில் வளர்ந்தது. கண்ணாடி பார்த்தால் நானே கொஞ்சம் ஒதுங்கி நிற்பேன்.

இந்த முகத்தோடுதான் ஊட்டி பெர்ன்ஹில்லில் வேலை கேட்டுப் போனேன்.

அங்கே கோயமுத்தூர் மில்காரர் ஒருவர் பங்களா வாங்கிக் குடிவந்திருந்தார். ஐயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வண்டி ஓட்ட, மோட்டார் பார்க்க, ராத்திரி காவலுக்கு என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் ஆள் தேடினார். சம்பளம் சுமார். ஆனால் பின்பக்கம் குவார்ட்டர்ஸ் இருந்தது. ஓடு போட்ட வீடு, தண்ணீர்க் குழாய், கதவுக்கு உள்தாழ்ப்பாள். எனக்கு அந்தத் தாழ்ப்பாளே போதும்.

ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தாடி எதுக்கு?"

"ஊட்டுல மாசமா இருக்காங்க."

"சரி சரி. எஞ்சின் வேலை தெரியுமா?"

"தெரியுங்க."

அவர் உள்ளே போய் ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாப்பாட்டு மேஜை மேல் வைத்துத் திறந்தார். உள்ளே ஒரு சிவப்புக் கார். என் முழங்கை நீளம் இருக்கும். பொம்மை என்று நினைத்தேன். மேல்மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே நிஜ எஞ்சின். எலுமிச்சம்பழ அளவு. பிஸ்டன், சைலன்சர், டேங்க் எல்லாம் இருந்தது. இழுத்து ஸ்டார்ட் பண்ண ஒரு கயிறுகூட இருந்தது.

வெளிநாட்டில் இருக்கிற மாப்பிள்ளை அனுப்பினாராம். கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றே ஓட்டலாமாம். காரை விமானத்தில் ஏற்றினார்கள். அதற்கு ஊற்றுகிற எண்ணெயை ஏற்றவில்லை. நம் ஊர் பங்க்கில் அது கிடைப்பதும் இல்லை. அதனால் வந்த நாளிலிருந்து கார் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

இதில் சங்கடம் என்னவென்றால், மாப்பிள்ளை போன் பண்ணும்போதெல்லாம் கார் ஓடுகிறதா என்று கேட்பார். ஐயாவும் ஓடுகிறது என்று சொல்லிவிட்டார். ஒரு முறை சொன்னால் அதோடு நிற்குமா? தோட்டத்தில் தினமும் ஓட்டுகிறேன், நாய் துரத்துகிறது என்றெல்லாம் சொல்லி வைத்திருந்தார். (பங்களாவில் நாயே இல்லை.) இப்போது மாப்பிள்ளை குடும்பத்தோடு வருகிறார். கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்தி வீட்டாருக்கு ஊட்டியில் முதல் விருந்து. ஞாயிற்றுக்கிழமை.

"அன்னிக்கு இது ஓடணும்," என்றார். "ஓடுச்சுன்னா குவார்ட்டர்ஸ் சாவி உன்ற கையில. ஓடலேன்னா நானும் நீயும் ஒன்னா எங்காவது போயிரலாம்."

எண்ணெய்க்கு என்ன சேர்க்க வேண்டும் என்று யாரிடமோ விசாரித்து வைத்திருந்தார். மெத்தனால் பெரும்பங்கு, விளக்கெண்ணெய் கொஞ்சம், நைட்ரோ என்று ஒன்று கொஞ்சம்.

"கலக்கத் தெரியுமா?"

"தெரியுங்க."

"நைட்ரோன்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியுங்க."

எனக்கு அதில் விளக்கெண்ணெய் மட்டும்தான் தெரியும்.

ஆகவே அதிலிருந்து ஆரம்பித்தேன். ஊட்டி மார்க்கெட்டில் மளிகைக்கடைக்காரரிடம் ஒரு பெரிய பாட்டில் நிறைய விளக்கெண்ணெய் கேட்டேன். அவர் பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, ஊட்டுல எத்தனை பேரு?"

"ரெண்டு பேருங்க."

"ரெண்டு பேருக்கு இவ்வளவா?"

நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் கதை நீளும். அவர் எண்ணெயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, லீவு நாளாகப் பார்த்துக் குடிக்கச் சொன்னார். கூடவே பழம் சாப்பிடச் சொன்னார். நல்ல மனுஷன்.

மெத்தனாலுக்குக் கோயமுத்தூர் போனேன். ஐயா தனக்குத் தெரிந்த கெமிக்கல் கடைக்குப் போனில் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் கொடுத்திருக்க மாட்டார்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், ஸ்பிரிட் வாசனை அடிக்கும். சாராயம் என்று நினைத்துக் குடித்தால் முதலில் கண் போகும், அப்புறம் ஆளே போவான் என்று கடைக்காரர் சொன்னார். வெள்ளை கேனில் ஊற்றி, மேலே விஷம் என்று சிவப்பில் ஒட்டிக் கொடுத்தார். நைட்ரோ கேட்டேன். வெடிகுண்டுக்குக் கேட்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் கல்லாவை விட்டு எழுந்தார்.

"அதெல்லாம் இங்க இல்லீங்க. இப்படி வாய் விட்டு வேற எங்கேயும் கேக்காதீங்க. தாடி வேற வச்சிருக்கீங்க."

கேனைச் சாக்குக்குள் வைத்து பஸ் ஏறினேன். அளவு காட்டலாம் என்று காரையும் விளக்கெண்ணெய்ப் பாட்டிலையும் பையில் எடுத்துப் போயிருந்தேன். மலை ஏறும் வழியில் செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஏறிய போலீஸ்காரர் யாரையும் பார்க்கவில்லை. நேராகத் தாடியிடம் வந்தார். சாக்கைத் திறந்தார். கேன் மூடியைத் திருகி மோந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

என்னை இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது.

உள்ளே பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஏட்டு என்று நினைக்கிறேன். என்ன இது என்றார். பொம்மைக் காருக்கு எண்ணெய் என்றேன். இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை என்றார். விஷம் என்று ஒட்டியிருப்பதைக் காட்டினேன். அப்படி ஒட்டினால் போலீஸ் தொடாது என்று நினைத்தாயா என்றார். காரை எடுத்து மேஜை மேல் வைத்தேன். எல்லோரும் சுற்றி வந்து நின்றார்கள். ஒருவர் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார்.

"ஓட்டிக் காட்டு."

"ஓடாதுங்க."

"ஏன்?"

"எண்ணெய் இன்னும் கலக்கலீங்க."

இது எனக்கே நம்பும்படி இல்லை.

இதற்குள் சின்னப் போலீஸ்காரர் கேன் மூடியில் கொஞ்சம் ஊற்றி வாய்க்குக் கொண்டுபோனார். சோதனைக்காம். நான் என் வாழ்க்கையில் இரண்டாவது தடவையாகக் கத்தினேன். (முதல் தடவை கை கன்வேயரில் மாட்டியபோது.) கண் போயிரும் சார் என்று பாய்ந்து தட்டிவிட்டேன். போலீஸ்காரர் கையைத் தட்டிவிட்டவன் என்று இன்னொரு குற்றமும் சேர்ந்தது.

என்னைக் காப்பாற்றியது விளக்கெண்ணெய். பையைத் துழாவி அந்தப் பாட்டிலை எடுத்தார்கள். ஏட்டு மோந்தார். விரலில் தொட்டுத் தேய்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

"விட்டுருங்கப்பா. சாராயத்துக்கு விளக்கெண்ணெயைத் தொட்டுக்கறவன் இந்த மலையில எவனும் கெடையாது."

ஐயாவுக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்டு விட்டார்கள். நான் வீடு சேர்வதற்குள் சேதி சேர்ந்திருந்தது. சாராயம் கடத்திப் பிடிபட்டுவிட்டேன் என்று லைன் முழுக்கப் பேச்சு. சரசு வாசலில் நின்றாள். என்னங்க, வேலை கெடைச்சுதா என்று மட்டும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை தெரியும் என்றேன். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. அடுப்படிச் சாமான்களை ஏற்கெனவே சாக்கில் கட்டி வைத்திருந்தாள். எங்கே போகப் போகிறோம் என்று தெரியாமலே கட்டியிருந்தாள். 

சரசுவின் தம்பி பழனி, ஊட்டிக்கு வெளியே தைலம் காய்ச்சுகிற கொட்டகை வைத்திருந்தான். யூகலிப்டஸ் இலையைப் பெரிய அண்டாவில் போட்டு ஆவி பிடித்து எண்ணெய் எடுப்பது. மலையில் இருக்கிறவர்களுக்குத் தைலம் இல்லாமல் நாள் விடியாது. சளிக்கு, தலைவலிக்கு, மூட்டுக்கு, பல்லுக்கு, பேனுக்கு, தரை துடைக்க, அட்டை கடித்தால் தடவ. துருப்பிடித்த நட்டுக்கு நானே ஊற்றியிருக்கிறேன். ஒட்டின ஸ்டிக்கரை எடுக்கவும் அதுதான். பெயின்ட் கறைக்கும் அதுதான். இதைக் கவனமாகச் சொல்லிவைக்கிறேன். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் மண்டையில் ஏறவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் நல்ல வெயில். கலப்பதற்கு அங்கே போனேன். முதலில் மெத்தனாலைச் சோதிக்கலாம் என்றான் பழனி. ஒரு மூடியில் ஊற்றி வெயிலில் வைத்துத் தீக்குச்சி போட்டான். ஒன்றும் தெரியவில்லை.

"பத்தலை மாமா. ஏமாத்திட்டான்."

நான் குனிந்து கிட்டப் பார்த்தேன்.

மெத்தனால் எரிந்தால் வெயிலில் தீ கண்ணுக்குத் தெரியாது. இது இன்று எனக்குத் தெரியும். வலது காதோரம் சடசட என்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் ஆட்டுத்தலை சுடுகிற வாசனை வந்தது. யார் வீட்டில் என்று திரும்பிப் பார்த்தேன். பழனி ஈரச் சாக்கால் என் முகத்தில் அறைந்தான். ரெண்டு மூன்று தடவை அறைந்தான்.

"பத்தியிருக்கு மாமா," என்றான் பிறகு.

தோல் தப்பியது. வலப்பக்கத் தாடி, பாதி மீசை, ஒரு புருவம் போய்விட்டது. இடப்பக்கம் அப்படியே காடாக நின்றது.

பழனி யோசித்தான். இந்தத் தீயில் வேகம் இல்லை, வேகம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாதா என்றான். எனக்கும் சரி என்று பட்டது. மெத்தனாலில் கொஞ்சம் தைலம் கலந்து மூடியில் ஊற்றிக் கொளுத்தினான். (இந்த முறை எட்ட நின்றோம்.) மஞ்சளாக, முழ உயரத்துக்குத் தீ எழுந்தது. கறுப்புப் புகை. அந்தப் புகையில் அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

"இதுதான் தீ," என்றான் பழனி. "காட்டுல தைல மரம் பத்துனா வெடிக்குதே, பாத்ததில்லையா? நைட்ரோவாம் நைட்ரோ. நம்ம தைலத்த மிஞ்சி அதுல என்ன மாமா இருக்கப்போவுது?"

எங்கள் இருவருக்கும் தெரிந்த உலகத்தில் தைலத்தை மிஞ்சி எதுவும் இல்லை. நைட்ரோவுக்குப் பதில் தைலம் ஊற்றினேன். விளக்கெண்ணெயோடு நன்றாகக் கலந்தது. பிரியவில்லை, கலங்கவில்லை. பார்க்கத் தெளிவாக இருந்தது. கை தாராளமாகி இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

வீட்டுக்குப் போனதும் சரசு என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். இன்னொரு பக்கத்தையும் மழித்துவிடலாமா என்று நான் கேட்டேன்.

"கத்தி படக் கூடாதுங்க."

"நெருப்பே பட்டுருச்சு."

"நெருப்பு பட்டா பரவால்லீங்க. கத்திதான் படக் கூடாது."

கூட வந்திருந்த பழனி, அப்படியானால் அந்தப் பக்கத்தையும் கொளுத்திவிடலாமா என்றான். கேலியாகச் சொல்லவில்லை. கையில் தீப்பெட்டி வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெர்ன்ஹில் போனேன். ஐயா என் முகத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு உள்ளே போய் ஒரு மப்ளர் கொண்டுவந்து கொடுத்தார். கண் மட்டும் தெரிகிற மாதிரி சுற்றிக்கொண்டேன். ஊட்டியில் அப்படி நின்றால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அவருக்கு அதைவிடக் கவலை காரின் டயர். புத்தம் புதிதாக இருந்தது. தினமும் ஓடின டயர் இப்படியா இருக்கும் என்று சிமென்ட் திட்டில் வைத்து அவரே தேய்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டைத் தேய்த்தேன், அவர் இரண்டைத் தேய்த்தார். பெரிய மனுஷன் அப்படிக் குத்தவைத்து உட்கார்ந்து தேய்த்ததைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை ஒல்லியாக, சாதுவாக இருந்தார். அவருடைய அப்பாவுக்கு மலை ஏறும்போதே மூக்கடைத்துவிட்டது. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, குல்லா மாட்டி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார். புல்தரையில் சின்னதாகப் பந்தல். விருந்துக்கு வரிசையாக மேஜை. ஓரத்தில் தலைவாழை இலைக்கட்டு.

மாப்பிள்ளை காரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, ஓட்டுங்க மாமா, பாக்கலாம் என்றார்.

டேங்கில் ஊற்றினேன். பெட்டியில் வந்த பேட்டரி கிளிப்பை எஞ்சின் மேல் மாட்டினேன். கயிற்றை இழுத்தேன். கிளம்பவில்லை. மறுபடி இழுத்தேன். ஐயா ரிமோட்டைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே நின்றார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. உதைக்கலாம் என்றால் உதைக்கிற அளவுக்கு அதில் இடம் இல்லை. விரலால் ஒரு சுண்டு சுண்டினேன். இழுத்தேன்.

கிளம்பியது.

பெரிய சத்தம். கோபம் வந்த குளவி மாதிரி. ஐயா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குவார்ட்டர்ஸ் சாவி இருந்தது. நான் சரசுவின் சாக்கு மூட்டையை நினைத்தேன். வண்டியைக் கீழே விட்டேன். கார் பாய்ந்தது. சம்பந்தியம்மா கை தட்டினார். ஐயா இடப்பக்கம் திருப்பினார், திரும்பியது. வலப்பக்கம் திருப்பினார், திரும்பியது. அதுவரை எல்லாம் நன்றாக இருந்தது. காலம் அங்கேயே நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை.

பிறகு புகை வந்தது. வெள்ளைப் புகை, கெட்டியாக, மருந்துக்கடை வாசனையோடு. காற்று இல்லாத நாள். புகை மேலே போகாமல் இடுப்பு உயரத்தில் நின்றது. முதலில் சம்பந்தியம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் எல்லோருக்கும். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் துக்க வீடு என்று நினைத்திருப்பார்கள்.

போதும், நிறுத்துங்க மாமா என்றார் மாப்பிள்ளை. ஐயா நிறுத்தினார். கார் நிற்கவில்லை. இன்னும் வேகம் எடுத்தது. தைலம் பட்டு உள்ளே ஏதோ ரப்பர் ஊதி, ஆக்சிலேட்டர் திறந்தபடியே சிக்கிக்கொண்டதாம். பிற்பாடு மாப்பிள்ளை சொன்னார். ஐயா எல்லாப் பொத்தானையும் அழுத்தினார். ரிமோட்டைத் தூக்கிக் காட்டினார், ஆட்டினார், கடைசியில் அதைப் பார்த்துக் கும்பிடாத குறை. கார் சம்பந்தியம்மாவின் நாற்காலிக்கு அடியில் புகுந்தது. அவர் காலை மேலே தூக்கிக்கொண்டார். மறு பக்கம் வந்து பந்தலைச் சுற்றியது. நான் துரத்தினேன். மப்ளர் அவிழ்ந்து விழுந்தது. பாதித் தாடியோடு ஒருவன் புகைக்குள்ளிருந்து ஓடி வருவதைப் பார்த்து சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கார் கடைசியில் வாழையிலைக் கட்டுக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. நகரவில்லை. ஆனால் சக்கரம் நிற்கவில்லை. இலையை உள்ளே இழுத்து, அரைத்து, பின்னால் பொடியாகத் தள்ளியது. ஃபேக்டரி மூடிய பிறகு இலை அரைபடுவதை அன்றுதான் மறுபடி பார்த்தேன். அரவை நைசாக இருந்தது.

டக் என்று ஒரு சத்தம். எஞ்சின் உள்ளே இறுகிப் பிடித்து நின்றுவிட்டது. அப்புறம் அமைதி.

மாப்பிள்ளை போய் காரை எடுத்தார். சிவப்புப் பெயின்ட் அவர் கையோடு வந்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த நம்பர் ஸ்டிக்கர் வழுக்கிக் கீழே விழுந்தது. டேங்க்கை மோந்து பார்த்தார். என்ன ஊத்துனீங்க என்று என்னைக் கேட்டார்.

"தைலங்க."

அவர் மேல்மூடியைக் கழற்றினார். எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் என்ன தெரிந்ததோ, மெதுவாக ஐயா பக்கம் திரும்பினார்.

"மாமா, இதுக்கு முன்னாடி இத ஓட்டியிருக்கீங்களா?"

ஐயா ரிமோட்டைப் பிடித்தபடி நின்றார்.  மகள் அவரைப் பார்த்தாள். சம்பந்தியம்மா அவரைப் பார்த்தார். ஐயா கையில் டயர் தேய்த்த கறுப்பு இன்னும் இருந்தது. முதல் விருந்து. இலைகூட இல்லை. இதில் பொய்யும் வெளியே வந்தால் அந்த மனுஷன் அப்புறம் எப்படி நிமிர்ந்து நிற்பார்?

எனக்கு வேலை போனது போனதுதான். அதில் சந்தேகம் இல்லை. போகிறவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

"நல்லா ஓடிட்டு இருந்த வண்டிங்க," என்றேன். "ஐயா தெனமும் ஓட்டுவாரு. இன்னிக்கு நான்தான் எண்ணெயில கை வச்சுட்டேன்."

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். இருக்கிற பக்கத்தைப் பார்த்தார், இல்லாத பக்கத்தைப் பார்த்தார். இப்படி ஒரு முகம் வைத்திருப்பவன் எதுவும் செய்வான் என்று நம்பிவிட்டார் போல. நம்பவில்லையோ என்னவோ, தலையை ஆட்டினார்.

"நாய் தொரத்துமாமே?"

"செத்துப்போச்சுங்க," என்றேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு நீளமான மூச்சுச் சத்தம் கேட்டது. சம்பந்தி. குல்லாவைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, மூக்கால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான்.

"தொறந்துருச்சுங்க. இந்த வண்டி எனக்கு ஒன்னு வேணும்."

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. பிறகு எல்லோரும். ஐயா கடைசியாகச் சிரித்தார். விருந்தை எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டார்கள். பாயாசத்திலும் தைல வாசனை அடித்தது. மூக்கு திறந்த சம்பந்தி மட்டும் ரெண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

எல்லோரும் போன பிறகு ஐயா என்னைக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று கையைக் கட்டி நின்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"தோட்டம் பாத்துக்க. ராத்திரி காவல் பாத்துக்க. எஞ்சின் வச்ச எதையும் தொடாதே. புல்லு வெட்டற மிஷினக்கூட."

"சரிங்க."

"நாய் ஒன்னு வாங்கணும்."

"செத்துப்போச்சுன்னு சொல்லிட்டனுங்க."

"ஆமா," என்றார்.  "அதுவும் நல்லதுதான்."

மறுநாளே சரசுவின் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினோம். அவள் முதலில் செய்த காரியம், கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுப் பார்த்ததுதான். போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள்.

வீடு மாறியதால் அந்த வாரமே வாக்காளர் அட்டைக்குப் போட்டோ எடுக்க வரச் சொன்னார்கள். போனேன். எடுக்கிறவர் கேமராவை இறக்கிவிட்டு, மழித்துவிட்டு வாங்களேன் என்றார். ஊட்டுல மாசமா இருக்காங்க என்றேன். பாதி மட்டுமா என்று அவர் கேட்கவில்லை. எடுத்துவிட்டார்.

அந்த அட்டைதான் இன்னமும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு தேர்தலிலும் பூத்தில் அதிகாரி அட்டையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பக்கத்தில் இருக்கிறவரிடம் காட்டுவார். வரிசை நிற்கும். நான் முகத்தை முதலில் ஒரு பக்கம் திருப்பிக் காட்டுவேன், பிறகு மறு பக்கம். வலப்பக்கத்தை வைத்து அடையாளம் கண்டு ஓட்டுப் போட விடுவார்கள்.

வீட்டில் யாருக்குச் சளி பிடித்தாலும், காரை எடுங்க என்பாள் சரசு. மாப்பிள்ளை வரும்போதெல்லாம், இன்னிக்கு என்ன எண்ணெய் என்று கேட்பார். ஐயா வேறு பக்கம் பார்ப்பார். அதெல்லாம் பழகிவிட்டது.

மகள் பிறந்தாள். வளர்ந்தாள். இந்த முறை அவளுக்கும் முதல் ஓட்டு. ரெண்டு பேரும் சேர்ந்தே போனோம். வரிசையில் நிற்கும்போது என் அட்டையை வாங்கி வெகு நேரம் பார்த்தாள். அது என்ன வழக்கம், எதற்கு வளர்த்த தாடி என்றெல்லாம் அவள் அம்மா ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள்.

"ஏம்ப்பா," என்றாள், "எனக்குப் பாதித் தாடிதானா?"

வரிசையில் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அட்டையைத் திருப்பி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"முழுசாத்தான் வளர்த்தேன்," என்றேன்.